அறுபத்து மூன்றாம் பக்கம்

புரட்டாசியிலிருந்து மாதப்பன்
தொப்பூர் கணவாயில் நிற்கிறான்.
பிரேக் பிடிக்காத லாரி,
முன் சக்கரத்துக்கு ஒரு கல்,
பனியனெல்லாம் கிரீஸ்.
இப்போது மாசி.
அவனுக்கு இன்னும் ஒரு டீகூட
நான் வாங்கித் தரவில்லை.

பகலில் எனக்கு வேறு லாரிகள்.
பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே
எடைமேடை, கண்ணாடி அறை.
சரக்கோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை,
கழித்து வந்ததைச் சீட்டில் அடித்துக்
கொடுத்தால் அறுபது ரூபாய்.
அடிக்கும்போது கெட்டுப்போகிற சீட்டுகளின் முதுகில்தான்
என் ஐந்தாம் அத்தியாயம்.
மாதப்பன் பெண்டாட்டி அழுகிற இடத்தைத் திருப்பினால்
மொத்த எடை 7,420.

வீட்டில் இதற்குப் பெயர் 'அந்தக் கணக்கு'.
"அந்தக் கணக்க முடிச்சுட்டு ஒல வையேன்" என்பார் இவர்.
கோபமில்லாமல்தான் சொல்வார்.
கோபமாகச் சொல்லியிருந்தால்
அதை வைத்தாவது ஒரு பக்கம் நகர்ந்திருக்கும்.

டீக்கடை ராமக்காவிடம் ஒருநாள் வாய்தவறி
நாவல் என்று சொல்லிவிட்டேன்.
"பழுத்துச்சா, இன்னும் காயாவேதான் கெடக்குதா?"
தினமும் கேட்கிறாள்.
சர்க்கரைக்கு நல்லதாம்,
கொட்டையை மட்டும் தூக்கி எறிந்துவிடக் கூடாதாம்.

நோட்டின் கடைசி நாலு பக்கமும் புனைபெயர்கள்.
சின்னப்பாப்பா என்று அட்டையில் போட்டால்
சிறுவர் வரிசையில் அடுக்கிவிடுவார்கள்.
ஒவ்வொரு பெயரையும் கையெழுத்தாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.
மொத்த நோட்டிலும்
அங்கேதான் எழுத்து அழகாக விழுந்திருக்கிறது.

தக்காளி விலை ஏறினால் விடியவிடிய வண்டி,
எழுத நேரமில்லை.
விழுந்தால் வண்டியே இல்லை,
நேரம் கிடக்கிறது கொள்ளையாக.
ஆனால் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டு
வெறுங்கூடையோடு திரும்புகிறவர்களைப் பார்த்த பிறகு
மாதப்பனுக்கு அப்படி என்ன வந்துவிட்டது என்று
பேனாவை மூடிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு
சேலம் போகிற வண்டி ஒன்று.
தூக்கத்தில் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.
கேபின் விளக்கில் படித்துக்கொண்டிருந்தார் டிரைவர் சென்றாயன்,
உதடசைய, நிதானமாக,
பின்னால் ரெண்டு வண்டி ஹாரன் அடிக்க.

"யாரும்மா இந்த மாதப்பன்?"
"தெரிஞ்சவருங்க."
"சேலத்துல இருந்து ஊருக்குத் திரும்பறான்னு போட்டிருக்குது."
"ஆமாங்க."
"அது ஏத்தமாச்சேம்மா.
ஏத்தத்துல பிரேக் இருந்தா என்ன, போனா என்ன?
நம்ம பக்கமிருந்து சேலத்துக்கு எறங்கறப்பத்தான்
உசுரு கையில இருக்கும்."
சரியான சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.
"பாவம், சும்மாவே நிக்க வெச்சிருக்கீங்க அந்தாள."

எனக்கு ஓமலூர்.
பிறந்த ஊருக்கும் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் நடுவில்
அதே கணவாய்தான்.
பன்னிரண்டு வருடம், ஜன்னல் சீட்டு,
மடியில் குழந்தை, வாயில் எலுமிச்சம்பழம்.
எந்தப் பக்கம் மேடு என்று
என் வயிற்றுக்குத் தெரியும்.
என் பேனாவுக்குத் தெரியவில்லை.

லாரியைத் திருப்பியாக வேண்டும்.
திருப்பினால் அவன் வீட்டுக்கு வருகிறவனில்லை,
விட்டுப் போகிறவன்.
அறுபத்து மூன்று பக்கமாக வழி பார்த்துக்கொண்டிருந்தவள்
அப்போது யாருக்காக
வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள்?
முதல் சீட்டிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன்.
முப்பதாம் பக்கத்தில்
அவன் சட்டைகளையெல்லாம் மடித்து ஒரு பையில் வைக்கிறாள்.
எதற்கென்று தெரியாமல்தான் எழுதியிருந்தேன்,
சும்மா, கைக்கு ஒரு வேலையாக இருக்கட்டுமென்று.
பாவி, அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

மணி ரெண்டு.
கெட்டுப்போன சீட்டு கைவசம் தீர்ந்துவிட்டது.
நல்ல சீட்டு ஒன்றைக் கிழித்துக் கெடுத்து
அதன் முதுகில்
முன் சக்கரத்துக் கல்லை எடுக்கிறேன்.

வெளியே டாட்டா ஏஸ் ஹாரன்.
இருங்க, இருங்க வர்றேன்.
காலியா, சரக்கா?