செலவை வரவென்று எழுதிய கிண்ணம்

டிரெஸ்டனின் வடக்கே ட்ராம் திரும்பும் இடத்தில்
எங்கள் தொழிற்சாலை. ஜன்னல் கிடையாது.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடைக்குள்
ரொஸ்வித்தாவை நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்:
இடது கால் சற்றுத் தாமதமாக வரும்.

நான்கு வாரமாகச் சில்லுகள் செத்தே பிறந்தன.
போரான் அயனிகளைக் கற்றையாக்கிச்
சிலிக்கான் தட்டில் விதைக்கிற இயந்திரம்.
எவ்வளவு விதைத்தோம் என்று சொல்வது
உள்ளே ஒரு கிராஃபைட் கிண்ணம்,
கட்டைவிரல் நுழையும் அளவு.
அது போதும் என்றால் கற்றை நிற்கும்.

போதவில்லை.
திரையில் கணக்கு நேர். தட்டில் குறை.
பொறியாளர் புர்க்ஹார்ட் வெற்றிடப் பம்பைத் திட்டினார்,
பிறகு போரான் அனுப்பிய கம்பெனியை,
பிறகு இரவு ஷிஃப்டை.
இரவு ஷிஃப்ட் என்றால் நாங்கள் இருவர்தான்.

விடிகாலை மூன்றே கால். காகிதக் குவளையில் சூப்பு.
"துயெத், குட்டையில் மழை விழுவதைப் பார்த்திருக்கிறாயா?" என்றாள்.
"துளி உள்ளே போகும். தெறிப்பு வெளியே வரும்."

அயனி அடிக்கிற அடியில்
கிண்ணத்துச் சுவரிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து
வாய்வழியே ஓடிக்கொண்டிருந்தன.
எதிர்மின் ஒன்று வெளியேறுவதும்
நேர்மின் ஒன்று வந்து சேர்வதும்
மீட்டருக்கு ஒரே முள்ளசைவு.
செலவையும் வரவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறது கிண்ணம்.
களவில்லை, பொய்யில்லை.
அதற்குத் தெரிந்த கூட்டல் அவ்வளவுதான்.

சூப்பைக் கீழே வைத்தேன்.

தொண்ணூறில் நெசவாலையை மூடியபோது
ஒப்பந்தத்தில் வந்தவர்களை வரிசையில் நிறுத்தினார்கள்.
ஆளுக்கு ஓர் உறை, ஒரு விமானச் சீட்டு.
தம்பி காங் வாங்கிக்கொண்டான்.
நான் வரிசையை விட்டு விலகிக் கழிவறைக்குள் நின்றேன்.
ஹைஃபோங்கிலிருந்து அம்மா எழுதினாள்:
வீட்டில் ஓர் ஆள் கூடியிருக்கிறது.
விடுதியில் ஒரு கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

கிண்ணத்தின் வாயில் வளையம் முன்பே உண்டு.
எதிர்மின் முந்நூறு வோல்ட்;
ஓடிவரும் எலக்ட்ரானை உள்ளேயே திருப்பும் காவல்.
பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான்.
ஆனால் அதைத் தாங்கும் பீங்கான் கட்டையில்
மாதக்கணக்கில் கரி படிந்து
முந்நூறும் கசிந்து முப்பதாகியிருந்தது.
காவல்காரன் நின்றான், தூங்கிக்கொண்டே.

ரொஸ்வித்தா பீங்கானைத் துடைக்கவில்லை.
தன் தெர்மாஸின் இரட்டைக் கழுத்தை அறுத்தாள்.
அந்த மடிப்புக்குள் பீங்கானை ஒளித்தாள்;
கற்றையின் கண் படாத நிழலில்.
பார்க்க முடியாததின்மேல் கரி எப்படிப் படியும்?

மறுபடி கற்றையை ஏற்றினோம்.
கனத்த அயனிகள் வளையத்தை மதியாமல் நுழைந்தன.
இலேசானவை வாசல்வரை வந்து, கூசித் திரும்பின.
முள் பதினொரு சதவீதம் இறங்கியது.
எண் குறைந்ததற்காக இருவர் கட்டிக்கொண்டது
அந்தக் கூடத்தில் அதுதான் முதல் தடவை.

காப்புரிமை விண்ணப்பம் வசந்தத்தில் வந்தது.
"மேற்படி கிண்ணத்தின் வாய்ப்புறத்தே பொருந்திய
மேற்படி வளையமானது, மேற்படி மடிப்பினால்…"
படத்தில் அதற்குப் பெயர் பாகம் பதினான்கு.
கண்டுபிடித்தோர் மூவர்.
புர்க்ஹார்டைத் தெரியும்.
மற்ற இருவர் அந்தக் கூடத்துக்குள் வந்ததே இல்லை.

ரொஸ்வித்தா தெர்மாஸின் விலையை மட்டும் கேட்டாள்.
ரசீது வேண்டும் என்றார்கள்.

ஆறு மணி ட்ராம்.
கதவுக்கு மேலே ஆள் எண்ணும் சிறு கருவி, சிவப்புக் கண்.
அவள் இறங்கினாள். ஏறினாள். மறுபடி இறங்கினாள்,
இடது காலை வேண்டுமென்றே உள்ளே விட்டுவைத்து.
ஓட்டுநர் மணியடித்தார்.
"சொல்லு," என்றாள் நடைமேடையிலிருந்து,
"அதன் கணக்கில் இப்போது நான் எத்தனை பேர்?"