பிரதி: அங்கையும்

கச்சேரி மதிலோரம், வேம்புக்குக் கீழே என் மேசை.
ஒரு தட்டச்சு, ஒரு குடை, கார்பன் தாள்.
இருபத்தாறு வருடமாய்ப் பெட்டிசம் எழுதுகிறேன்.

ஆனி மாதக் கச்சான் புழுதியை வாரி
மேசையில் கொட்டிய ஒரு காலை
விஞ்ஞானக் கழகத்திலிருந்து இருவர் வந்தார்கள்:
தர்ஷாயினி மிஸ், ரிஸ்மின் சேர்.
ஊருக்கொரு கடிதம் விண்வெளிக்குப் போகிறதாம்.
திருகோணமலைக்கு இருபது வரி.
"ஏன் என்னிடம்?"
"பதில் போடாதவர்களுக்கு எழுதிப் பழகினவர்
நீங்கள்தானே அண்ணன்."
சிரித்தேன். பாதி விலை சொன்னேன்.

தொடக்கமே இடித்தது.
ஐயாவா, அம்மாவா?
எந்தக் கிராம சேவகர் பிரிவு?
'பொருள்' என்று தட்டி அடிக்கோடு இட்டு
அரை மணி நேரம் கோட்டையே பார்த்திருந்தேன்.

பிறகு வந்தது:
நாங்கள் உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.
எங்கள் துறைமுகம் ஆழம், அதனால் எல்லோரும் வந்தார்கள்.
(வந்தவர்களின் பட்டியலை அடித்துவிட்டேன்.
உங்களுக்கு யோசனை கொடுத்ததாகிவிடும்.)
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
பங்குனியில் திமிங்கிலம் மூச்சு விடுவதை
மலையில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் இல்லை.

மத்தியானம் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
தாளைக் கடித்தது. பறித்தேன்.
கன்னியா போய்விட்டது.

மூதூர் லோஞ்சில் வந்திறங்கும் இராசமலர்
அன்றைக்கும் வந்தார். முப்பத்தோராவது கடிதம்.
ஆணைக்குழு மாறும், முகவரி மாறும்,
உள்ளிருப்பதை நான் கண்மூடித் தட்டுவேன்:
வயது இருபத்திரண்டு (இன்றும் இருபத்திரண்டு),
உயரம் ஐந்தடி ஏழு, சாம்பல் காற்சட்டை,
இடது புருவத்தில் தழும்பு.

மான் தின்ற தாளைப் பார்த்தார்.
"இது ஆருக்கு?"
"மேலே. நட்சத்திரங்களுக்கு."
அவர் சிரிக்கவில்லை.
"எத்தினை நாளில போய்ச் சேரும்?"
"ஆயிரம் வருசம் எண்டினம். கூடவும் ஆகலாம்."
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.
"அப்ப அங்கையும் ஒரு பிரதி போடுங்கோ."

பிரதிக்குப் பத்து ரூபாய். வாங்கினேன்.
வாங்காவிட்டால்
அது போகுமென்று அவர் நம்பமாட்டார்.

இருபது வரிதான். துறைமுகத்தை எடுத்தேன்.
திமிங்கிலத்தை எடுக்க மனம் வரவில்லை, சுருக்கினேன்.

பின்னேரம் ரிஸ்மின் சேர் நின்றபடியே வாசித்தார்.
"இது ஒரு ஆளைப் பற்றியதல்லவா?"
"ஓம்."
"மனிதகுலத்தின் சார்பில் என்று கேட்டிருக்கிறார்கள்."
"ஓம்."
தர்ஷாயினி மிஸ் தாளை வாங்கி
ஒரு சொல்லில் விரலை வைத்தார்.
"புருவம் என்றால் அவர்களுக்கு விளங்குமா?"

நான் அதை யோசிக்கவில்லை.
தாளை மறுபடி உருளையில் ஏற்றி
ஓரத்தில் சிறியதாய்த் தட்டினேன்:
புருவம், கண்ணுக்கு மேலே ஒரு முடிவரி.
வியர்வையை மறிக்கும்.
படலைச் சத்தம் கேட்டால் உயரும்.

பிறகு
படலையையும் விளக்க வேண்டி வந்தது.
இன்னொரு தாள் செருகினேன்.