அனாமத்து

மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
விற்பனைப் பட்டியலின் நாற்பத்தோராம் வரியில்
கணக்கு சாஃப்ட்வேர் மறுபடி செத்தது.
திரை வெளுத்து நடுவில் ஒரு சின்னப் பெட்டி,
அதற்குள் ஒரே பொத்தான்: சரி.
எது சரி?
அமுக்கினேன். வேறென்ன செய்ய.

தங்கச்சிமடத்து நண்டுக் கம்பெனியில்
கணக்கெழுத வந்து மூன்று வருஷம்.
இந்த வாரம் மட்டும் பதினாறு தடவை.
கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில்
விழுந்த நேரமெல்லாம் குறித்திருக்கிறேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சூடு குறிப்பது போல.

ராம்நாட்டிலிருந்து கார்மேகம் வந்தான்.
பஸ் காசு தனி, டீ தனி.
அழித்து ஏற்றினான். வைரஸ் தேடினான்.
பில் அடிக்கிற பிரிண்டரைப் பிடுங்கி ஓரம் வைத்தான்.
பெட்டியின் முதுகைத் திறந்தால்
பலகை ஓரமெல்லாம் பச்சை பூத்து
திருகாணித் தலைகளில் வெள்ளையாய் உப்பு.
"அக்கா, இது கம்ப்யூட்டரா, கருவாடா?"
மெமரியைக் கழற்றிப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தான்,
வாய் வைத்து ஊதினான், மாட்டினான்.
ஓடியது.
அவன் பஸ் பாம்பன் பாலம் தாண்டியிருக்காது,
ஐந்து ஐம்பதுக்கு மறுபடி வெள்ளை.

முதலாளி அசன் குத்தூஸ் ஃபோனில்
"இருபதாந் தேதிம்மா, ஜிஎஸ்டி" என்றார்.
அந்த வாக்கியத்துக்கு அவர் வினைச்சொல் வைப்பதில்லை.

என் இடது கைக்குப் பயம் பிடித்துக்கொண்டது.
வரிக்கு வரி கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் ஏ.
ராத்திரி தூக்கத்தில்
தங்கச்சியின் தோளை இரண்டு விரலால் அமுக்கினேனாம்.
"என்னைய எதுக்குக்கா சேவ் பண்ற?"

காலண்டர் தாளை நான் படித்ததை விட
பக்கத்துக் கட்டடத்தின் சத்தம்தான் சொன்னது.
லாரி வந்து நின்றதும் அங்கே ஐஸ் அரைப்பார்கள்.
மெஷின் கிளம்பும்போது
எங்கள் குழல்விளக்கு ஒரு கண் சிமிட்டும்.
கணக்கு முழுக்க எடைக்கூடத்து மெஷினில் இருக்கிறது,
என் மேசைக்கும் அதற்கும் நடுவே
ஒரு நீல வயர், கைக்குட்டையளவு ஒரு டப்பா.
மேசைக்கு இன்வர்ட்டர் உண்டு.
டப்பாவுக்கு இல்லை.
அது கண் மூடுகிற அரை நொடியில்
சாஃப்ட்வேருக்குப் பிடி நழுவுகிறது.
அவ்வளவுதான். பதினாறு சாவுக்கும் இதுதான் காரணம்.

ஆனால் உடைந்த கோப்பைச் செப்பனிட்டு முடித்தபோது
புதனுக்கு அடுத்து வெள்ளி வந்தது.
வியாழக்கிழமையை முழுசாய்க் காணோம்.
பத்தொன்பது பேர் நண்டு உடைத்த கூலி.
எடைச்சீட்டுகள் வெந்நீர் தெறித்துக்
களியாய்க் கிடந்தன.

ஷெட்டுக்குள் போனேன்.
ஆவி, ஓட்டுக் குவியல், கத்திகள்.
"வியாழக்கிழமை யார் யாருக்கு எத்தனை கிலோ?"
ஒருத்தியும் தலை நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை.
"நாலு அறுநூறு. நீங்க நாலு ஐநூறுன்னு போட்டீங்க,
சொன்னேன், திருத்துனீங்க" என்றாள் ராக்கு.
"அஞ்சு நூறு. அதுல கால்சதை ஒண்ணரை," ஞானசெல்வி.
"மூணேமுக்கா. மகனுக்கு மருந்து வாங்கப் பாதியில போயிட்டேன்,"
செய்யதம்மாள்.
இன்றைக்கு வராத அடைக்கலத்துக்கும்
பக்கத்து மேசைக்காரி சொன்னாள், ஐம்பது கிராம் பிசகாமல்.

கூட்டினேன். எண்பத்தொன்று நானூறு.
கொச்சிக்குப் போன பெட்டிகளின் எடை
எண்பத்தொன்று அறுநூறு.

இருநூறு கிராமுக்கு ஆளில்லை.
திரும்பப் போய்க் கேட்டேன்.
"எங்களுது இல்ல கணக்கு,
பெட்டி ஈரம் குடிச்சிருக்கும்."

அனாமத்து என்று ஒரு தலைப்புத் திறந்தேன்.
நண்டுச்சதை, இருநூறு கிராம், வரவு.
கண்ட்ரோல் ஏ.

டப்பாவுக்கு பேட்டரி
நாளைக்குத்தான் வரும் என்றிருந்தான் கார்மேகம்.
வெளியே ஒரு லாரி பின்வாங்கி நிற்கும் பீப் பீப்.
பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டேன்.