பதினேழாவது சன்னல்

சூரியன் பசிபிக்கில் விழுந்ததும்
விடுதியின் சன்னல்கள் நாற்பத்திரண்டுக்கும்
எலியோதோரோ கறுப்புத் திரை இறக்குவான்.
அடுப்பெல்லாம் அதற்கப்புறம்.
பதினேழாவதில் ஒரு கிழிசல். பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறான்,
யாரிடமும் சொல்லவில்லை.

மேலே, அட்டகாமாவின் மொட்டை உச்சியில்,
யாஸ்னாவும் வெளிச்சத்தைத்தான் மறைக்கிறாள்:
நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே
மிளகில் பாதியளவு ஒரு வட்டம்.
கண்ணாடி நொடிக்கு ஆயிரம் தடவை நெளிந்து
காற்றின் நடுக்கத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.
ஓரத்தில் ஒரு புள்ளி.

போன வருஷமும் இருந்தது.
பின்னால் எங்கோ நிற்கும் அந்நிய நட்சத்திரம், விடு, என்றார்கள்.
விடவில்லை.
இன்று நட்சத்திரம் மயிரிழை நகர்ந்திருக்கிறது,
புள்ளியும் கூடவே.
கயிறு தெரியவில்லை,
கட்டியிருப்பது தெரிகிறது.

மூன்று மணிக்கு இறங்கி வந்தாள்.
கசுவேலா சூப்பில் சோளத்தை மட்டும்
ஓரமாய்த் தள்ளித் தள்ளி வைத்தாள்.
"என்ன நிறம்?" என்றான்.
"நிறம் தெரியாது. சூடுதான் தெரியுது.
பிறந்த சூடு, இன்னும் ஆறலை."

அவன் சட்டியை மூடினான்.
பிறகு ஏதோ நினைத்தவனாய்
பதினேழாவது சன்னலுக்குப் போய்
பிளாஸ்திரியைக் கட்டைவிரலால்
இன்னொரு தடவை அழுத்தினான்.