யாருக்கும் தேவைப்படாதவை

பெருமாநல்லூர் ரோட்டுப் பனியன் கம்பெனியில்
கூலிக் கணக்குக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்.
ஒரு ஜிபி நினைவகம்.
லினக்ஸிலேயே ஒல்லியானதைப் போட்டு
நடக்க வைத்திருந்தேன்.

லேபிள் அடிக்க நிறுவிய மென்பொருள்
ஆர்டர் முடிந்ததும் வேண்டாமென்றாயிற்று.
சும்மா நீக்கினால் அமைப்புக் கோப்புகள் தங்கும்;
வேரோடு பிடுங்கும் கட்டளையைத் தட்டினேன்.
கூட வந்தவை பதினேழு,
இனி யாருக்கும் தேவைப்படாதவை,
நீக்கவா என்றது.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
பட்டியலைப் படிக்காமல்
ஒய்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலிச்சீட்டில்
பெயர் இருந்த இடமெல்லாம் கட்டம்.
தமிழ் எழுத்துருவும் அந்தப் பதினேழில் ஒன்று.
எண்கள் மட்டும் பளிச்சென்று.

"இதுல நான் எந்தக் கட்டமுங்?"
செக்கிங் பூவாத்தாள்.
புள்ளிக்கொன்று, துணைக்காலுக்கொன்று, எண்ணினால்
பத்து.
வேலாத்தாளுக்கும் பத்து.

அடித்துப்பிடித்து
போன் நெட்டில் எழுத்துருவை இறக்கினேன்.
இது நானே கேட்டு நிறுவியது,
யாரோடும் ஒட்டி வந்ததல்ல
என்று குறித்தும் வைத்தேன்.
பெயர்கள் திரும்பின.

அதற்குள் அவர்கள்
வாசிக்க முடிந்த ஒன்றே ஒன்றை
வாசித்து முடித்திருந்தார்கள்.
"பேரு கெடக்குதுங்.
புதன்கிழமை அரை ஷிப்ட்டக் காணமே?"

அதை எந்தக் கட்டளையும் நீக்கவில்லை.
நான் ஏற்றவேயில்லை.