மூன்றாவது பொத்தான்

முதல் வருடம்
லெஸ்லிக்கு இருபத்தொன்பது வயது.
அக்கில்பிக்கு ஐம்பத்தொன்று.
வயிற்றுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தேன்.
தலைக்கு மாவு. முழங்காலில் ஒரு பட்டை,
நடை கொஞ்சம் இழுக்கட்டும் என்று.

லீட்ஸில் அன்று மழை.
பார்ன்ஸ்லியிலிருந்து இரண்டு பஸ் நிறையப் பெண்கள்,
ஈரக் கோட்டும் தேநீர்க் குடுவையுமாய்.
சிரிப்பதா வேண்டாமா என்று
இன்னும் முடிவு செய்யாத முகங்கள்.

ரயில் நிலையத்தில்
தொலைந்த பொருள்களின் அறைக்கு அவன் அதிகாரி.
குடை கேட்டு வந்தவளிடம்
"அதற்கொரு விதி இருக்கிறது, அம்மா" என்று
நெஞ்சை நிமிர்த்தினான்.
கோட்டின் மூன்றாவது பொத்தான் தெறித்து
மேசை மணியில் பட்டு
டிங் என்றது.

அது என் பிழை. நூல் பழசு.
வேலை போயிற்று என்று திரைக்குப் பின்னால் நான் நிற்க
கூரை இடிந்த மாதிரி ஒரு சிரிப்பு.

அன்றிலிருந்து முப்பத்துநான்கு வருடம்
தளர்வாகத் தைப்பதுதான் என் உத்தியோகம்.
ஒற்றை நூல், இரண்டு சுற்று, முடிச்சுக் கிடையாது.
வீட்டில் கோர்டனின் சட்டைகளுக்கு
இறுக்கித்தான் தைத்தேன்.
அவர்தான் கழன்று போனார்,
ஹல்லில் ஒரு பல் டாக்டரம்மாவிடம்.
அந்த வாரமும் பொத்தான் தெறித்தது.
அந்த வாரமும் சிரித்தேன்.

கடிதங்கள் சில என் மேசைக்கும் வரும்.
வேக்ஃபீல்ட் சிறையிலிருந்து ஒருவன்:
அந்தக் குடை இன்னும் அங்கேதானே இருக்கிறது?
ஸ்கார்பரோவில் மீன்கடைக்காரி ஒருத்தி:
என் வீட்டுக்காரரை எரித்த அன்று
சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பழைய பாகம் ஒன்றைப் போட்டோம்,
முதலில் சிரித்தவர் பாதிரியார்.
பிராட்ஃபோர்டிலிருந்து இம்தியாஸ் என்றொரு பையன்:
எங்கள் கணக்கு வாத்தியார் அச்சு அசல் இவர்தான்,
அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பிரதமர்கள் மாறினார்கள். சுரங்கங்களை மூடினார்கள்.
எந்த நிலையத்தைப் பார்த்து எங்கள் நிலையத்தைக் கட்டினோமோ
அது இன்று காபிக்கடை.
அக்கில்பி மட்டும்
ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.
பட்டும் திருந்தாத பிறவி.
நாங்களோ பட்டுப் பட்டுத் திருந்திக் களைத்துப்போய்
செவ்வாய் இரவு எட்டு மணிக்கு
அவன் எதிரே வந்து உட்கார்கிறோம்.

இருபத்துமூன்றாம் வருடம்
பஞ்சை எடுத்தேன். மாவைத் துடைத்தார்கள்.
லெஸ்லிக்கும் ஐம்பத்தொன்று.
கோட்டை மாட்டிக்கொண்டு
கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.
"ஐவி, நான் இவனைப் பிடித்துவிட்டேனா,
இவன் என்னைப் பிடித்துவிட்டானா?"
என் வாயில் குண்டூசிகள்.
நல்ல வேளை.

இப்போது தலைக்குச் சாயம்.
சுருக்கத்தின் மேல் பூச்சு.
வயிறு வற்றிவிட்டது, மறுபடி பஞ்சு.
பட்டை மட்டும் வேண்டாம்.
இழுக்கிற நடை சொந்த நடையாகிவிட்டது.

போன செவ்வாய்
என் விரல் நடுக்கத்தில்
ஒரு சுற்று கூடிவிட்டது போல.
நெஞ்சை நிமிர்த்தினார். பொத்தான் அசையவில்லை.
மறுபடி நிமிர்த்தினார்.
முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.
குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தார்,
கடன் வாங்கிய சிநேகிதனைப்
பஸ்ஸில் எதிர்ப்பட்டவன் மாதிரி.
பிறகு மெல்லக் கையை நீட்டி
மணியைத் தானே ஒரு தட்டுத் தட்டினார்.
டிங்.

"விதி" என்றார்.
அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று
எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது
அவர் முழங்காலை.

பஸ்கள் கிளம்பிப் போனபின்
கோட்டை மடியில் போட்டு
அந்த மூன்று சுற்றையும் கத்தரியால் பிரித்தேன்.
அடுத்த வாரத்துக்கு ஒற்றை நூல்.
ஊசியின் காது அகப்பட
நாலு தடவை ஆயிற்று.