வெள்ளை வரிசை

அட்டையில் நான்கு வரிசை.
மூன்று மஞ்சள். நாலாவது வெள்ளை.
வெள்ளையில் மருந்தில்லை, வெறும் சீனி என்றாள்
பேர்த் மருந்துக்கடையில் ஷெரீன்.
"அதை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கு.
டொக்டரும் அதைத்தானே சொன்னார்?"
சொன்னார். எழுதியும் தந்தார்.
இருந்தும் இரண்டு தரம் கேட்டேன்,
கதவைப் பூட்டினேனா என்று
பாதித் தெருவில் திரும்பி வருகிறவள் போல.

நியூமனுக்கு வடக்கே ஒரு குழி.
அதில் நாற்பத்தேழாம் இலக்க வண்டி என்னுடையது.
சக்கரம் மட்டும் என் உயரத்தில் இரண்டு.
நடைக்கு இருநூறு தொன் இரும்புக்கல்,
நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.
கழிவறைக்குப் போவதென்றால்
ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் இறங்கலாம்.
குழி முழுக்கக் கேட்கும்:
"நாற்பத்தேழு நிற்கிறது."

மாதத்தில் நாலு நாள்
நாற்பத்தேழு அடிக்கடி நின்றது.
ஒருநாள் எவனோ வாயால்
குழாய் திறக்கிற சத்தம் போட்டான்.
சிரித்தது ஒன்பது வண்டி.
எண்ணினேன்.

நான் பெரிய பிள்ளையான வருசம்
முகாம் ஆஸ்பத்திரியில் இமையை இழுத்துப் பார்த்து
ரத்தம் காணாது என்றார்கள்.
இரும்புக் குளிசை தந்தார்கள்.
நாக்கில் ஆணி கரைகிற ருசி.
விழுங்கியதெல்லாம் மாதாமாதம் போனது.
இப்போது இரும்பைக் காவுகிறேன்,
இருநூறு இருநூறாக.
கப்பலேறிப் போகிறது.
அதுவும் எனக்கில்லை.

வெள்ளைகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை.
அறை யன்னல் விளிம்பில் வைத்தேன்.
எறும்புகள் ஒரு கிழமை யோசித்தன.
பிறகு கொண்டுபோயின.

கிளிநொச்சியிலிருந்து அம்மா:
"இந்த மாதம் வந்ததோ?"
"இல்லை."
"போன மாதம்?"
"நிப்பாட்டி வைச்சிருக்கிறன், அம்மா."
"ஐயோ, அந்தக் கெட்ட ரத்தம் எங்க போகும்?"
திரளவே இல்லை, அதனால் தேங்கவும் இல்லை என்று
டொக்டர் சொன்னதைத் தமிழாக்கினேன்.
தமிழில் அது
பொய் மாதிரி இருந்தது.

அதனால் வேறொன்று சொன்னேன்.
அண்ணாவின் கலியாணத்துக்கு
பேப்பரில் சுற்றிக் குளிசை வாங்கி வந்தது ஆர்?
துடக்கோடு மணவறைப் பக்கம் வரக்கூடாதென்று
காலையும் மாலையும் கையில் வைத்தது ஆர்?
தேருக்கு ஒருக்கா.
அப்பாவின் அந்தியேட்டிக்கு ஒருக்கா.
அப்ப அந்தக் கெட்ட ரத்தம்
எங்கே போய் நின்றது, அம்மா?
சாமிக்கு நிற்குமென்றால்
எனக்கு நிற்காதா?

வரி இரைந்தது.
துண்டிக்கப்பட்டதென்றுதான் நினைத்தேன்.

"பங்கருக்குள்ள இருக்கேக்க
உப்பிடி ஒரு அட்டை கிடைச்சிருந்தால்..."
அம்மா வசனத்தை முடிக்கவில்லை.
"சாப்பிட்டியோ?" என்றார்.

அந்த மாசியில் அம்மாவின் நீலச் சேலை
முழம் முழமாகக் குறைந்துகொண்டு வந்தது.
ஏனென்று எனக்குத் தெரியாது அப்போது.
காற்சட்டை கிழிந்த தம்பிக்கு
ஒட்டுப் போடக்கூட அதில் துண்டு தரவில்லையென்று
கோபித்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஐந்தாம் அட்டை. இரவு வேலை.
மூன்று மணிக்குக் கிட்ட, சரிவில் ஏறும்போது
அடிவயிற்றில் ஒரு பழைய இழுவை.
ஓரங்கட்டிப் பார்த்தால்
தேயிலைச் சாயம் போல ஒரு பொட்டு.
வரலாம் என்று ஷெரீன் சொல்லித்தான் இருந்தாள்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது. கூடவே,
முகவரி மாறியும் தேடிக் கண்டுபிடித்துக்
கதவைத் தட்டுகிற ஒருத்தியைப் பார்த்து
"நீயோ?" என்கிற மாதிரியும் ஏதோ.

கண்ணாடிக்கு வெளியே
விளக்கு விழுந்த இடமெல்லாம் செம்மண்.
எந்தப் பெண்ணையும் கேட்காமல் அப்படிச் சிவந்தது.

ரேடியோவை எடுத்தேன்.
"நாற்பத்தேழு நிற்கிறது."

யாரும் சிரிக்கவில்லை.
அல்லது
நான் எண்ணவில்லை.